ஒன்பது ஈர்க்கு மீன்

அந்த மீன் கவலை மீன் இல்லை என்று எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் திமிர் வருகிறது, வரட்டும். அந்தக் கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டதும் நான்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லிப் பெருமை பீற்றிக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. பாகூருக்கும் கரியமாணிக்கத்துக்கும் இடையில், நெல்லும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடும் ஓர் ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். பிறந்தது ஏம்பலம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போனவர்கள். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. தையல் கற்றுக்கொண்டு, வாழ்க்கைப்பட்ட வீட்டின் முன்னறையில் கால்மிதி மெஷின் ஒன்றைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பம்புசெட் மெக்கானிக். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள்.

கூலிக்காரர் வீடுகளில் மீன் என்றால் கவலைதான். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளியாக, கூட்டம் கூட்டமாகக் கரையோரத்தில் திரிகிற சின்ன மீன். பேரை வைத்துக் கிண்டல் பண்ணுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மச்சு வீட்டுக்காரர்கள் வஞ்சிரம், வவ்வால் என்று வாங்குவார்கள். கவலையை "முள்ளுக்கு நடுவுல கொஞ்சம் மீனு" என்பார்கள். முள்ளைச் சமாளிக்கத் தெரியாத நாக்குக்கு அது புரியாது. மாங்காய் போட்டு, வடகம் தாளித்து, மண்சட்டியில் வைத்த கவலைக் குழம்பை மறுநாள் காலையில் பழைய சோற்றோடு தின்றவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

கவலையைக் கழுவும்போது வயிற்றுப் பக்கம் கவனமாக இருக்க வேண்டும். அடிவயிற்று ஓரம் முழுக்க ரம்பம் மாதிரி சின்னச் சின்ன முனைகள் இருக்கும். தலைப்பக்கமாகத் தேய்த்தால் விரலைக் கிழித்துவிடும். என் அம்மா கை முழுக்க அந்தக் கீறல்கள்தான். எனக்கும் ஆள்காட்டி விரலில் எப்போதும் இரண்டு கீறலாவது இருக்கும். தைக்கும்போது நூல் அதில் சிக்கி எரியும். அதனால்தான் அந்த மீன் கைக்கு வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

மீன் கொண்டுவந்தவரை நாங்கள் மீன்கார அக்கா என்போம். கடலோரக் குப்பத்திலிருந்து காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருவார். நாற்பது வயது இருக்கும். ஈரக் கோணி போர்த்திய கூடையோடு இறங்கி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து கூறு கட்டுவார். செவுளைத் திறந்து பார்க்க யாரையும் விட மாட்டார். "பாக்கணும்னா கண்ணால பாரு, கையால இன்னா பார்வை?" என்று கையைத் தட்டிவிடுவார். பேரம் பேசினால் கோணியை இழுத்து மூடிக்கொள்வார். ஆனால் ஒரு கூறு வாங்கினால் கொசுறாக மூன்று நான்கு மீனை அள்ளிப் போடுவார். கேட்காமலே போடுவார், கேட்டால் போட மாட்டார். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் அந்தக் கொசுறில் வந்த மூன்று மீனைக் கழுவும்போது என் விரல் கிழிபடவில்லை. திரும்பவும் தேய்த்துப் பார்த்தேன். வயிற்றோரம் மழுங்கலாக இருந்தது. உடம்பும் கவலை மாதிரி தட்டையாக இல்லாமல் உருண்டு இருந்தது. தலை கொஞ்சம் நீளம். "இது வேற மீனு" என்று மகளிடம் சொன்னேன். அவள் "எனக்கு வேணும்" என்றாள். அவ்வளவுதான், அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் கூறில் பாதி அந்த மீனாக இருந்தது. பிறகு ஒருநாள் கூறு முழுவதுமே அதுதான். அக்கா வழக்கம்போல "கவலேய், கவலேய்" என்றுதான் கூவினார். நான் வாங்கிவந்து, கவலைக்கு விடுவது போலவே இரண்டு குழிக்கரண்டி எண்ணெய் விட்டுக் குழம்பு வைத்தேன். கவலை வறண்ட மீன், எண்ணெய் தாராளமாக விட்டால்தான் குழம்பு சேரும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் கை அளவு. குழம்பு கொதித்து இறக்கியபோது மேலே ஒரு விரல்கடை எண்ணெய் நின்றது. வீடு முழுக்க ஒரு நெடி. குப்பையில் கிடந்த தலைகளைப் பார்த்தேன். கண்ணெல்லாம் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது.

நான் ஏரி மீன் பார்த்து வளர்ந்தவள். கெண்டையும் கெளுத்தியும் விராலும் சட்டிக்கு வரும்வரை துள்ளும். ஏரி மீனுக்குக் கண் சிவந்திருந்தால் அது செத்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்கை அப்படியே கடல் மீனுக்கும் போட்டேன். கண் சிவப்பு, எண்ணெய் கக்குகிறது, நெடி அடிக்கிறது, ஆக மீன் கெட்டுப்போனது. கடலைப் பார்க்காமல் கடல் மீனுக்குத் தீர்ப்புச் சொல்வது எங்களைப் போன்ற ஏரிக்கரை ஊர்க்காரர்கள் எல்லாரும் பண்ணுகிற காரியம்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு பண்ணையில் மோட்டார் மாட்டிவிட்டு வந்தார். வேலை முடிந்தால் பண்ணைக்காரர்கள் அவரைச் சாராயக்கடைக்கு அழைத்துக்கொண்டு போவது வழக்கம். எங்கள் பக்கத்தில் சாராயக்கடைக்கா பஞ்சம்? வந்தவர் ஆடிக்கொண்டே உட்கார்ந்து, குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா ஆச்சி?" என்றாள்.

"மீனு ஒத்துக்கல" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாக்கில் தயாராக இருந்த மாதிரி வந்தது. புருஷன் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறான் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? மீனுக்கு மானம் கிடையாது, மறுத்துப் பேசவும் பேசாது. பழியைத் தூக்கி மீன் தலையில் போட்டுவிட்டு வாசலைக் கழுவினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலையில் எனக்கு அந்தப் பொய்யே நிஜம் மாதிரி ஆகிவிட்டது. வேறு மீன் என்று கண்டுபிடித்த திமிரும் சேர்ந்துகொண்டது. மிச்சக் குழம்பைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன்.

"இன்னாக்கா, கவலைன்னு சொல்லி எத்தயோ குடுத்துட்டுப் போற? இது கவலையா? கண்ணப் பாரு, நெருப்பாட்டம் இருக்குது. எண்ணெ கக்குது. ராத்திரி எங்க வூட்ல வாந்தி."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "கவலதான். புடிச்சா வாங்கு, புடிக்கலன்னா போ."

"கவல இல்ல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா இன்னான்னு நீயே சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களோடு ஏரிக் குத்தகைக்காரரும் வந்தார். கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் ஊர் ஏரி மீனைக் குத்தகை எடுத்திருந்தவர். கோடையில் ஏரி வற்ற வற்ற அவருடைய ஆட்கள் வலை போட்டுப் பிடித்து, அதே தொட்டியின் மறுபக்கம் வைத்து விற்பார்கள். கவலைக் கூடை இறங்கினால் அந்தப் பக்கம் ஆள் குறையும். மனிதர் அதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வாய் திறந்ததும் அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"ஏம்மா, ஊர் ஜனங்க உசுரோட வெளையாடுறியா? நாளையிலேந்து இங்க கூடய எறக்காத" என்றார். அவர் சொன்னதும் நாலு பேர் தலையாட்டினார்கள். சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். நான் கேட்டது ஒரு சண்டை, ஒரு கூறு மீனுக்கு நியாயம். ஊரைவிட்டு விரட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பஸ் வந்தபோது குத்தகைக்காரரின் இரண்டு ஆட்கள் படிக்கட்டில் நின்று கூடையை இறக்க விடவில்லை. அக்கா அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. பஸ்ஸுக்குள் நின்றபடியே ஊரை ஒரு பார்வை பார்த்தார். என்னைத் தேடினார் என்றுதான் நினைக்கிறேன். நான் மெஷினுக்குப் பின்னால் இருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

ஒரு வாரத்தில் ஊருக்கே புரிந்துவிட்டது. ஏரி மீன் விலை ஏறியது. கூலிக்காரர் வீடுகளில் சட்டி காலியாக இருந்தது. என் மகள் தினமும் "மீனு எங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தேன். அடித்தது அன்றைக்கு முழுக்க மனசை உறுத்தியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை நானே கேட்டுக்கொண்டேன். அது வேறு மீன் என்பது சரி. கெட்ட மீன் என்று யார் சொன்னது?

நூலும் ஹூக்கும் வாங்கப் பாகூர்ச் சந்தைக்குப் போயிருந்தபோது ஒரு கிழவி கவலையும் அந்தப் புது மீனும் தனித்தனிக் கூறாக வைத்திருந்தாள். இரண்டிலும் ஒவ்வொரு கூறு வாங்கிவந்தேன். தையல் மேஜையில் இருந்த துணிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேப்பரை விரித்து, இரண்டு வரிசையாக மீனை அடுக்கினேன். ரவிக்கை தைக்கிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு துணி ஒரே நிறம் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். வெளிச்சத்தில் வைத்து நூல் நூலாகப் பார்த்தால்தான் எது எதோடு சேரும் என்று தெரியும். அதே பார்வைதான் இதற்கும் வேண்டியிருந்தது.

கவலை தட்டை, புது மீன் உருட்டு. கவலைக்கு முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. புது மீனுக்குச் செவுள் மூடியின் ஓரத்தில் கறுப்பு, அதற்குக் கொஞ்சம் பின்னால் தங்கத்தைத் தொட்டு வைத்த மாதிரி மங்கலாக ஒரு பொட்டு. செவுளைத் திறந்து பார்த்தேன், கையைத் தட்டிவிட அங்கே ஆள் இல்லை. இரண்டுக்குமே உள்ளே சீப்பு மாதிரி இருந்தது. கவலையுடையது சிக்கெடுக்கிற சீப்பு என்றால் இதனுடையது பேன் சீப்பு, அத்தனை நெருக்கம். கடல் தண்ணீரை அதில் வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பிடித்துத் தின்று கொழுக்கிற மீன் இது என்று தோன்றியது. வயிற்றைக் கீறியபோது குடலைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாக அப்பியிருந்தது. குழம்பில் மிதந்த எண்ணெய்க்கு அதுதான் காரணம். மீன் அழுகியதால் வந்த எண்ணெய் இல்லை, தின்று சேர்த்துவைத்த எண்ணெய்.

கடைசியாக வயிற்றுத் துடுப்பு. சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. ஊசியால் அதை விரித்துப் பிடித்தால், தென்னை ஓலைக்கு ஈர்க்கு இருக்கிற மாதிரி உள்ளே மெல்லிய ஈர்க்குகள் தெரிந்தன. கவலையில் எண்ணினேன், எட்டு. புது மீனில் எண்ணினேன், ஒன்பது. நம்பாமல் பத்துக் கவலை, பத்துப் புது மீன் என்று எடுத்து எண்ணினேன். எட்டு எட்டாகவே வந்தது, ஒன்பது ஒன்பதாகவே வந்தது. முதுகு விட்டுப்போனது. ஆனால் அந்தப் பகல் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, மீனைப் பற்றிக் கல்லூரியில் படித்த ஒரு பெண் என்னிடம் ரவிக்கை தைக்க வந்தாள். பேச்சுவாக்கில் இந்த எட்டு ஒன்பதைச் சொன்னேன். "இப்பிடித்தான் நாங்களும் பாப்போம்! உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்று வாயைப் பிளந்தாள். "மீனு" என்றேன். யாராவது சொல்லிக்கொடுத்துத்தான் நமக்கு ஏதாவது தெரிய வேண்டுமா என்ன?

ஈர்க்கு எண்ணிய அன்றைக்குப் புது மீனை ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் குழம்பு வைத்தேன். நாலு மீனை வெறும் சட்டியில் போட்டேன். அதன் கொழுப்பிலேயே அது வறுபட்டது. முதலில் நான் தின்றேன். ராத்திரி வரை ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர் அன்று குடிக்காமல் வந்திருந்தார். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னா மீனு இது, இவ்ளோ ருசியா?" என்றார். "நீங்க வாந்தி எடுத்த மீனு" என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்தில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள். அன்றைக்கு அக்கா குப்பத்தில்தான் இருப்பார் என்று கணக்குப் போட்டு, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அதற்கு முன்னால் நான் கடற்கரைக்குப் போனது மாசி மகத்துக்கு மட்டும்தான். மணலில் வலையை நீளமாகப் போட்டு ஆணும் பெண்ணுமாக மீனை உதறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அதே மீன். செவுள் வலைக் கண்ணில் மாட்டி, ஒன்றோடொன்று நசுங்கி, பிதுங்கிக்கொண்டு வந்தன. என் காலடியில் ஒன்று விழுந்து துள்ளியது. உயிரோடு துள்ளுகிற அந்த மீனுக்கே கண் சிவந்திருந்தது. எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். கை வேலையை நிறுத்தவில்லை.

"இன்னா, இங்கயும் வந்து சத்தம் போடப்போறியா?"

"இல்லக்கா. தப்பு என்னுது. மீனு நல்ல மீனுதான்."

"அது எனக்குத் தெரியும். அத நீ வந்து சொல்லணுமா?"

"கவல இல்லியே அது. ஏன் கவலைன்னு சொன்ன?"

இப்போது கையை நிறுத்தினார். "வேற இன்னான்னு சொல்றது? இது எப்பவோ ஒண்ணு ரெண்டு மாட்டும், இந்த மாதிரி கூட்டமா வந்து நாங்களே பாத்தது இல்ல. கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போய்ட்டு வந்தவங்க மத்தின்னு சொன்னாங்க. ஒங்க ஊர்ல வந்து மத்தி மத்தின்னு கூவுனா எவ வருவா? கவலன்னாத்தான் சட்டிய எடுத்துனு ஓடியாருவீங்க. கெட்ட மீன நான் குடுத்தனா? ஆறு வருசத்துல ஒரு நாளு?"

"இல்லக்கா."

"அன்னிக்கி வாந்தி எடுத்தது யாரு?"

"எங்க வூட்டுக்காரர்."

அவர் என்னையே பார்த்தார். குப்பத்துக்காரிக்குச் சாராயம் தெரியாதா? மேலே எதுவும் கேட்கவில்லை. நான்தான் தாங்க முடியாமல் சொன்னேன், "குடிச்சிருந்தாருக்கா. எனக்கு அப்பவே தெரியும். மன்னிச்சிடு."

"இந்தா பாரு" என்றார். "நீ எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு. கடக்கரைக்கு வந்து காதுல சொல்லிட்டுப் போறதுக்கு நான் இன்னா சாமியா?"

திரும்பிவரும் பஸ்ஸில் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன், என்ன ஒரு வீம்பு! பாகூர் தாண்டுவதற்குள் அந்தக் கோபம் வடிந்துவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வலையாலேயே அடித்திருப்பேன்.

நாளைக்குப் பஸ்ஸில் கூடையோடு வாக்கா, நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு முகம் கறுத்தது.

"வூட்டு விஷயத்தக் கொண்டுபோயி ரோட்டுல போடப்போறியா?"

"ரோட்டுல போட்டது நான் இல்ல. வாசல்ல வாந்தி எடுத்தது நீங்க."

"எவளோ ஒரு மீன்காரிக்காக எம் மானத்த விக்கிறியா?"

"விக்கிறது அவங்க வேல. நான் சும்மாதான் குடுக்கப்போறன்" என்றேன். அவர் கை ஓங்கினார். ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு பொய்யை விழுங்கி எத்தனை நாள் படுத்தாயிற்று, அதைவிட இது பெரிய பயமா என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை. சந்தையில் வாங்கிய கவலை ஒன்றையும் மத்தி ஒன்றையும் உப்பில் போட்டு வைத்திருந்தேன். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து, மாராப்பில் ஊசியைக் குத்திக்கொண்டு, பஸ் வருவதற்கு முன்பே தொட்டி ஓரம் போய் நின்றேன். ஒன்பது மணி பஸ் வந்தது. அக்கா படிக்கட்டில் தெரிந்தார். குத்தகைக்காரர் டீக்கடையிலிருந்து எழுந்தார்.

"ஏம்மா, ஒனக்கு ஒருவாட்டி சொன்னா புரியாதா?"

"அவங்கள நான்தான் வரச் சொன்னன்" என்றேன். கூடையின் ஒரு பக்கத்தை நானே பிடித்து இறக்கினேன். பஸ் போய்விட்டது. இனி ஏற்றி அனுப்பவும் முடியாது.

கூட்டம் சேர்ந்தது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் அதில் இருந்தாள். தட்டை நீட்டி, "அன்னிக்கி நான் சொன்னதுல பாதி நெசம், பாதி பொய்" என்று ஆரம்பித்தேன். "இது கவல இல்ல, அது நெசம். இதுக்குப் பேரு மத்தி. கவலைக்கு வயித்துத் துடுப்புல எட்டு ஈர்க்கு, இதுக்கு ஒம்போது. ஊசி இருக்குது, யாரு வேணா வந்து எண்ணிப் பாருங்க. கண்ணு செவந்தது கெட்டதுனால இல்ல, வலையில நசுங்குனதுனால. எண்ணெ அதோட கொழுப்பு. கொழம்புக்கு நம்ம எண்ணெ ஊத்தக் கூடாது, அவ்ளோதான்."

யாரோ சிரித்தார்கள். குத்தகைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "ஈர்க்கு எண்ணுனா வாந்தி நின்னுடுமா? ஒங்க வூட்லதான வாந்தி எடுத்தாங்க?" என்றார். கெட்டிக்காரர், சரியான இடத்தில்தான் பிடித்தார்.

"ஆமாண்ணே. எங்க வூட்டுக்காரர்தான் எடுத்தாரு. மீனால இல்ல, சாராயத்தால. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மீன் மேல போட்டன்."

சொல்லிவிட்டேன். டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ நின்றது. டீக்கடை பெஞ்சின் கடைசியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். எழுந்து போகவில்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி இடுப்புக் குடத்தை மாற்றிக்கொண்டு சொன்னாள், "எனக்கும் தெரியும்டி. வாசன செவுரு தாண்டி வந்துச்சே."

"எங்க வூட்டாளும் அன்னிக்கி அவரு கூடத்தான் இருந்தாரு" என்றாள் இன்னொருத்தி.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சும் ஏண்டி எவளும் வாயத் தொறக்கல?" என்று கத்தினேன்.

"நீ ஏன் தொறக்கல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பாதி ஊருக்குத் தெரிந்திருந்தது. ஒரு குடிகாரனின் மானத்தையும் அவன் பெண்டாட்டியின் மானத்தையும் காப்பாற்ற, வெளியூரிலிருந்து கூடை தூக்கி வந்த ஒருத்தியை நாங்கள் எல்லாரும் சேர்ந்து விட்டுக்கொடுத்திருந்தோம். குத்தகைக்காரர் மட்டும் கெட்டவர் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் மௌனத்தை நம்பித்தான் பேசினார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. தொட்டி ஓரம் தன் இடத்தில் உட்கார்ந்தார். கோணியை விலக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வேறு பேரைச் சொல்லிக் கூவினார், "மத்தி! மத்தேய்!"

இரண்டு கூவல் வரை யாரும் நகரவில்லை. மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சட்டி எடுக்க ஓடினாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். குத்தகைக்காரர் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருவனுடைய பெண்டாட்டி அதற்குள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து கூறை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மீன் மட்டும் தின்றார். குடியையும் விடவில்லை, விட்டுவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. வாந்தி எடுத்தால் மட்டும், "மீனு ஒத்துக்கல" என்று சொல்லும் தைரியம் அதன்பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் வாங்கி முடித்த பிறகுதான் நான் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஒரு கூறை அள்ளி என் சட்டியில் போட்டார். நல்ல மீன், தங்கப் பொட்டு மங்காத மீன். எனக்கு முன்னால் வாங்கியவர்களுக்கெல்லாம் மூன்று நான்கு மீன் கொசுறாக விழுந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் சட்டியில் போட்டு முடித்ததும் அவர் கோணியை இழுத்துக் கூடையை மூடினார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அவர் வந்தார். என் மகள் கல்யாணத்துக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். என்னோடு பேசினார், சிரித்தார், நான் தைத்த ரவிக்கையைத்தான் போட்டார். ஆனால் கொசுறு மட்டும் போடவில்லை. ஒரு நாள்கூட, ஒரு மீன்கூட. நானும் கேட்கவில்லை.